தானாக முங்கட்டும்

ஆகஸ்ட் 21, வியாழன்

மருமகள் செலினை நேற்று மலையிலிருந்து இறக்கி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். கக்கூசுக்கு எழுந்திருப்பதைத் தவிரப் பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டது. இருபத்து நாலு வாரம் முடிந்திருக்கிறது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில், இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். இந்த முறை ஒவ்வொரு வாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார்கள். அவளுடைய அக்கா ரெஜினா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதனால் துணைக்குக் கவலையில்லை.

வண்டியில் ஏறும்முன் செலின் இந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். அவளுடைய பூ அலங்கார வேலைக்கு வைத்திருந்தது. முன்பாதி அவள் எழுத்து, முத்து முத்தாக. "அத்தை, தினமும் தேதி போட்டு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. சாயந்திரம் போன்ல வாசிச்சுக் காட்டுங்க. அப்பத்தான் நான் நிம்மதியாப் படுத்திருப்பேன்" என்றாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இந்த ஒரு பக்கத்துக்கே விரல் வலிக்கிறது.

செப்டம்பர் 3 புதன்கிழமை கோயிலில் ஒரு கல்யாணம். கோயம்புத்தூர்க்காரர்கள். பீடத்துக்கு இரண்டு பெரிய அலங்காரம், ஓட்டலில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற இடத்துக்கு ஒரு வளைவு, சாப்பாட்டு மேசைகளுக்குப் பன்னிரண்டு கிண்ணம். எல்லாம் நீல ஹைட்ராஞ்சியாவும் வெள்ளை டேலியாவும். செலின் ஜூலையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். என் மகன் லாரன்ஸ், "முடியாதுன்னு சொல்லிருவோம்" என்றான். "சொன்னீங்கன்னா நானே பஸ் ஏறி வந்துருவேன்" என்றாள் கட்டிலிலிருந்து. வரக்கூடியவள்தான். நூற்று மூன்று காய்ச்சலோடு போய் ஒரு மேடையை முடித்துவிட்டு வந்தவள்.

ஆகவே அவள் படுத்திருக்க வேண்டுமானால் இந்தப் பூ நின்றாக வேண்டும். நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் முப்பது வருடம் பூக் கட்டி விற்றவள் நான். ஆனால் எல்லாம் மல்லிகை, கனகாம்பரம். ஹைட்ராஞ்சியா என்பது வாயிலும் வராது, கையிலும் எழுத வராது. மேலே செலின் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். இனிமேல் உருண்டைப்பூ என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பூ வில்பட்டியிலிருந்து வர வேண்டும். செலினுடைய தாயார் மதலேனம்மாளின் தோட்டத்தில்தான் வேலியோரம் முழுக்க உருண்டைப்பூ. லாரன்ஸ் போய்க் கேட்டான். பூவைக் கொடுத்து அனுப்ப மாட்டார்களாம். பூவோடு தானும் வருவார்களாம்.

வரட்டும். சம்பந்தி வீட்டுக்கு வருவதை வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் எதையும் மறக்கிற ஆளும் இல்லை.

2015 ஜூன் 8, திங்கள். வில்பட்டியில் லாரன்ஸ் கல்யாணப் பந்தி. என் அண்ணன் சந்தியாகு, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், முதல் பந்தியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். மதலேனம்மாள் அங்கேயேதான் நின்றார். மாம்பழக் கலர் பட்டு. வலது காதுக் கம்மலின் திருகாணி பாதி கழன்றிருந்தது. அண்ணன் இரண்டாம் பந்தியில் உட்காரும்போது அவியல் தீர்ந்துவிட்டது. அண்ணன் அன்றைக்கே மறந்துவிட்டார். பிறகு செத்தும் போய்விட்டார். நான் இருக்கிறேன்.

மதலேனம்மாளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மூன்றரை வருடமாக மதினி என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மகளைப் பார்க்க வந்தால் வாசலோடு பார்த்துவிட்டுப் போவார். காரணத்தை அவரைத்தான் கேட்க வேண்டும்.

செலினுக்கு வாசித்தது: பூ வில்பட்டியிலிருந்து வருகிறது, உன் அம்மாவும் வருகிறார். "அப்பாடா" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வரும்போது மதினி வாசலில் நிற்கிறார். பூ ஒரு கூடை. இன்னொரு பையில் தூக்குவாளி, ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில், டம்ளர்கூட.

"வாங்க மதினி."

"வர்றேன். வேலை எங்க?"

"முதல்ல காப்பி போடுறேன்."

"கொண்டாந்திருக்கேன்."

"தண்ணியாச்சும் குடிங்க."

"அதுவும் இருக்கு. பூ வாடுது, எடத்தக் காட்டுங்க."

டம்ளரைக் கொண்டுவந்ததுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டு டம்ளரில் வாய் படக்கூடாதாம். அது எவர்சில்வர், ஒரு பக்கம் ஒடுங்கியது, அடியில் ம.மே. என்று அவர் பெயரெழுத்து வெட்டியிருக்கிறது. இதையும் மறக்க மாட்டேன்.

வாசித்தது: அம்மா வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று ஒரு கிண்ணம் செய்து பார்த்தோம்.

மல்லிகைக்குக் காம்பும் நாரும் விரலும் போதும். கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். உருண்டைப்பூவுக்குத் தலை ஒரு பச்சைப்பிள்ளைத் தலை அளவு. ஒரு தலைக்குள் நூறு சின்னப் பூ, ஒவ்வொன்றும் ஈரப் பட்டு மாதிரி. தண்டைப் பிடித்துத் தூக்கினால் தலை சாய்கிறது. அடியில் இன்னொரு கை கொடுத்தால்தான் நிற்கிறது. டேலியா அப்படி இல்லை, அது முறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் லேசாக இடித்தாலும் இதழ் கொட்டிவிடும்.

பூவைச் சொருகப் பச்சைக் கலரில் ஒரு கட்டி இருக்கிறது, ஃபோம் என்று பெயர். செங்கல் அளவு, தூக்கினால் பஞ்சு கனம். தண்ணீரில் ஊறவைத்தால் தண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரும் கொடுக்கும். செலின் செய்யும்போது அந்தப் பக்கமாகப் போகையில் பார்த்திருக்கிறேன். அண்டாத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. மிதந்தால் எனக்குப் பொறுக்காது. இரண்டு கையாலும் அமுக்கி உள்ளே தள்ளினேன். குமிழி விட்டுக்கொண்டு போயிற்று.

பதினொரு மணிக்குக் கிண்ணம் அழகாக இருந்தது. இரண்டு மணிக்கு ஐந்து உருண்டைப்பூவும் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டு தொங்கின.

"என் தோட்டத்துப் பூவுல கொறை இல்ல" என்றார் மதினி.

"என் கையிலயும் கொறை இல்ல. முப்பது வருசம் பூவத் தொட்ட கை."

"தொட்ட கைதான். வாய் சும்மா இருந்திருந்தா…" என்று ஆரம்பித்து, மதினி மீதியை விழுங்கிக்கொண்டார். நான் தொங்கின பூவைப் பிடுங்கிப் போட்டேன்.

வாசித்தது: ஒரு கிண்ணம் செய்தோம், நீலம் நன்றாக இருக்கிறது. பொய் இல்லை. நீலம் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை. லாரன்ஸ் சட்டை ஒன்றும் காயவில்லை. இரண்டாவது கிண்ணமும் சாய்ந்தது. வாசித்தது: மழை.

ஆகஸ்ட் 27, புதன்

காலையில் செலினே கூப்பிட்டாள்.

"அத்தை, நேத்து மழைன்னு மட்டும் வாசிச்சீங்க. பூ தொங்கிருச்சா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஃபோமத் தண்ணியில போட்டதும் அமுக்குனீங்களா?"

நான் அண்டாவைப் பார்த்தேன். மதினி பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு கையாலயும் அமுக்குனாங்கத்தா" என்று போனுக்குள் கத்தினார்.

"அமுக்கக் கூடாது அத்தை. தண்ணி மேல சும்மா வச்சிட்டுக் கைய எடுத்துருங்க. அது தானா முங்கட்டும். அமுக்குனா வெளிப்பக்கம் மட்டும் குடிச்சிட்டு, நடுவுல காத்து மாட்டிக்கிரும். தொட்டுப் பாத்தா ஈரமா இருக்கும். உள்ள காஞ்சு கெடக்கும். தண்டு அங்க போய் நின்னா பூவுக்கு எப்படித் தண்ணி வரும்?" பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் ஒருநாள் வந்து செஞ்சு காட்டிட்டுப் போயிரவா? ரெஜினாகிட்டக் கேட்டா கார்ல படுத்துட்டே வரலாம்…"

"எந்திரிச்சா காலை ஒடிச்சிருவேன். கெட அங்கேயே" என்றேன். மதினியும் அதே நேரத்தில் அதையேதான் சொன்னார்.

போனை வைத்துவிட்டு, கிண்ணத்திலிருந்த கட்டியை எடுத்து அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்தேன். வெளியே ஒரு விரல் கனத்துக்குக் கரும்பச்சை, சொட்டச் சொட்ட ஈரம். நடுவில் வெளிறிப்போய்ப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. மதினி அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சில ஆளுக மாதிரி" என்றார்.

நான் துடைப்பத்தை எடுத்துப் பொடியைக் கூட்டினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இருபத்தைந்து வாரம்.

இன்று நானும் மதினியும் அண்டாவின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து கட்டி முங்குவதைப் பார்த்தோம். வைத்ததும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் கொஞ்சம் கறுத்தது. கை தானாக நீண்டது. மதினி என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு விசுவாசப் பிரமாணமும் மூன்று அருள்நிறை மரியே ஜெபமும் சொல்லி முடிக்கும்போது கட்டி தண்ணீர் மட்டத்துக்கு வந்து, சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. இனி அதுதான் கணக்கு. மந்திரத்தை வேகமாகச் சொல்லக் கூடாது என்றும் மதினி சொன்னார். நான் வேகமாகச் சொல்வேனாம். கோயிலில் பின்னாலிருந்து கவனித்திருக்கிறாராம்.

பூவிலும் ஒரு விஷயம். இளம்பூ பார்க்க அழகு, ஆனால் நிற்காது. இதழைத் தொட்டால் காகிதம் மாதிரி மொரமொரப்பு வந்திருக்க வேண்டும், அதுதான் முற்றின பூ. வெட்டியதும் தண்டைச் சாய்வாகச் சீவி, படிகாரத் தூளில் தொட்டு, அப்புறம் தண்ணீரில் வைக்க வேண்டும். அப்படியும் வாடினால் தலையைக் கீழாகத் தண்ணீரில் முக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் உயிர் வரும். இந்தப் பூ தலையாலும் தண்ணீர் குடிக்கும் என்கிறார் மதினி. நான் நம்பவில்லை. திங்கட்கிழமை செத்த பூவில் ஒன்றை முக்கி வைத்தார். வரவில்லை. "அது ரொம்ப நாளாச்சு, இதப் பாருங்க" என்று இன்று காலை வாடினதை முக்கினார். வந்தது.

மூன்றாவது கிண்ணம் சாயந்திரம் வரைக்கும் நின்றது. லாரன்ஸ் போட்டோ அனுப்பினான். வாசித்தது: எல்லாம். முதல் முறையாக ஒன்றும் விடாமல் வாசித்தேன், மணிக்கட்டில் தட்டினதையும். செலின் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டேலியாவைத் தரம் பிரித்தோம். வேலை நடுவில் மதினி, "அந்த ரெண்டாவது, பொம்பளப்பிள்ள" என்றார். என்னிடமா, பூவிடமா என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. கொடியில் துணி கிடக்கிறது என்று எழுந்து போனேன். கொடியில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

வாசித்தது: டேலியா நூற்றுப் பத்து தேறும்.

ஆகஸ்ட் 30, சனி

பத்து மணிக்கு ரெஜினா போன். செலினுக்கு விடியற்காலையிலிருந்து வலி. ஊசி போட்டிருக்கிறார்கள், பார்த்துச் சொல்கிறோம், யாரும் கிளம்பி வர வேண்டாம் என்றாள்.

வேலையைத் தொடர்ந்தோம். மதினி தண்டு சீவினார். நான் படிகாரம் தொட்டு வைத்தேன். ஜெபமாலை சொன்னோம். சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னோம். உருண்டைப்பூக்களை அண்டாவில் தலைகீழாக முக்கி வைத்திருந்தோம். தண்ணீருக்குள் அந்தத் தலைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, மேலே ஒரு துணியைப் போட்டேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். மதினியின் கையிலிருந்து கத்தி நழுவியது. முகமெல்லாம் வேர்வை, இந்தக் குளிரில். எனக்கும் சர்க்கரை உண்டு, இவருக்கு அது இறங்கிவிட்டது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாதாவுக்கு ஒருசந்தி விரதம் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். ஃபிளாஸ்க்கைத் திறந்தேன், சீனி போடாத காப்பி ஒரு வாய். ஓடிப்போய் என் டம்ளரில் நாலு கரண்டி சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தேன்.

"குடிங்க மதினி."

வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கண் எங்கேயோ போகிறது, அப்போதும் பிடிவாதம்.

"குடிங்கன்னா."

உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நான் சொன்னதுக்கு என்னையப் பேசுங்க, ஏசுங்க, செத்தாலும் என் மூஞ்சில முழிக்காதீங்க. ஆனா இப்ப நீங்க இங்க விழுந்தீங்கன்னா சேதி மதுரைக்குப் போகும். போச்சுன்னா உங்க மக கட்டில்ல கெடக்க மாட்டா. எந்திரிச்சு வந்துருவா. வாயத் தெறங்க."

திறந்தார். பாதி என் முந்தானையில் சிந்தியது, பாதி உள்ளே போயிற்று. அடுத்து இன்னொரு டம்ளர். அதற்குப் பிறகு இரண்டு இட்லி, என் அடுப்பில் வெந்தது, என் தட்டில்.

கொஞ்சம் தெளிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான்…" என்றேன்.

"என்கிட்ட வேண்டாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. "என்னையவா சொன்னீங்க? யாரைச் சொன்னீங்களோ அவகிட்டப் போங்க."

மூன்று மணிக்கு ரெஜினா கூப்பிட்டாள். வலி அடங்கிவிட்டது. குழந்தைக்கு இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. மதினி எழுந்து போய் அண்டாவின் மேலிருந்த துணியை எடுத்தார். எல்லாத் தலையும் உயிர் வந்து விரிந்திருந்தன.

செலின் தூங்குகிறாளாம். இன்று வாசிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை, பாவத்தை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. வரிசையில் எழுந்திருக்காமல் முழங்காலில் இருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் எங்கள் தெருச் சகாயம் திரும்பிப் பார்த்தாள்.

மாம்பழக் கலர் பட்டை ஞாபகம் வைத்திருக்கிறவளுக்கு இது மட்டும் ஞாபகம் இல்லாமல் போகுமா. எழுதிவிடுகிறேன்.

2022 மார்ச் 9. தவக்காலத்து இரண்டாவது புதன். காலை பதினொன்றரை. அந்த இரண்டாவது பிள்ளை போய், செலின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டாம் நாள், உள்ளறையில் படுத்திருந்தாள். மதினி அடுப்படியில் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். இதே சகாயம் விசாரிக்க வந்தாள். பச்சைச் சேலை, வெள்ளைப் புள்ளி. அவளிடம் நான் சொன்னேன்: "நாள் முச்சூடும் வெட்டுன பூவோட கெடக்குறவ வயித்துல எது தங்கும்."

அவ்வளவுதான் சொன்னது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மதினி கஞ்சியை மகளுக்குக் கொடுத்தார், வாயைத் துடைத்துவிட்டார், என்னைத் தாண்டிப் போனார். அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் என் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால் லாரன்ஸ் அந்தப் பிள்ளையை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். என்னிடம் காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கைக்கு எட்டினவளை அடித்தேன். பூக் கட்டியே பிள்ளை வளர்த்தவள் நான், அதைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருந்தது.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்தது என்றுதான் இன்று வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசித்தது: பூசைக்குப் போனேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மதினி இன்று வில்பட்டியிலிருந்து வரும்போது டம்ளரைக் கொண்டுவரவில்லை. என் டம்ளரில் காப்பியை வைத்தேன். குடித்துவிட்டு, "சீனி கம்மி" என்றார். சர்க்கரைக்காரிக்கு என்ன சீனி என்றேன். சனிக்கிழமை நாலு கரண்டி போட்டீங்கள்ல என்றார்.

ஃபோம் கட்டி முப்பத்தாறு. முப்பத்தாறு விசுவாசப் பிரமாணம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பீடம் முடிந்தது. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை.

செலின் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து நடத்தினாள். முதலில் பெரிய தலை கீழே. அடுத்தது அதன் தோளில். எல்லாம் ஒரே உயரத்தில் வரக் கூடாது, கூட்டத்தில் ஆட்கள் நிற்கிற மாதிரி முன்னும் பின்னும் இருக்க வேண்டும். நடுவில் மூச்சுவிட இடம் விட வேண்டும். எனக்குப் பூவோடு பூவை நெருக்கிக் கட்டித்தான் பழக்கம். இடம் விட்டால் ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. மூன்று தடவை நெருக்கினேன், மூன்று தடவை மதினி காட்டிக் கொடுத்தார்.

ஒரு பூவை உருவி, அதே ஓட்டையில் திரும்பச் சொருகினேன். எப்படித் தெரிந்ததோ, "அத்தை, உருவுனீங்கன்னா பழைய ஓட்டையில வைக்காதீங்க. அது பெருசாயிருக்கும், தண்டைப் பிடிக்காது. பக்கத்துல புதுசா ஒரு எடம் பாருங்க" என்றாள். பார்த்தேன், வைத்தேன், நின்றது.

பங்குச் சாமியார் வந்து பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா. பூசை வைக்கிறப்ப என் தலை தெரியுமா?" என்றார். மதினி, "பூ தெரியட்டும் சாமி, உங்களத்தான் தெனமும் பாக்குறோமே" என்றார். சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு போனார். இந்த அம்மாளுக்கு இப்படிப் பேச வரும் என்று பத்து வருடமாகத் தெரியாது எனக்கு.

செப்டம்பர் 3, புதன்

நின்றது.

பீடம், வளைவு, பன்னிரண்டு கிண்ணம், எல்லாம் மாலை ஆறு மணி வரைக்கும் நின்றன. வளைவில் இடது பக்கம் மூன்று தலை மட்டும் மதியத்துக்கு மேல் சோர்ந்தன. அவற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, முன்னால் ஒரு டேலியாவை நிறுத்திவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பெண்ணுடைய அம்மா வந்து, "இதெல்லாம் யாரு செஞ்சது?" என்று கேட்டார். "எம் மருமக" என்றேன் நான். "எம் மக" என்றார் மதினி. அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க அவங்க?" என்றார்.

"படுத்திருக்கா" என்றோம்.

செப்டம்பர் 4, வியாழன்

இருபத்தாறு வாரம். இன்று முழுக்கத் தூங்கினேன்.

செப்டம்பர் 6, சனி

மதுரைக்குப் போய் வந்தேன். லாரன்ஸ் கீழே மருந்துச் சீட்டோடு நின்றான். ரெஜினா ஷிஃப்ட்டில் இருந்தாள். அறையில் நானும் செலினும்தான்.

கால் பக்கம் கட்டிலை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். முகம் உப்பியிருக்கிறது. வயிறு போர்வைக்கு மேலே நன்றாகத் தெரிகிறது. நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். மற்ற நாள் மாதிரி வாசித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆகஸ்ட் 31 பக்கத்தைத் திறந்தேன். என் எழுத்தே எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்டு, பார்க்காமலேயே சொன்னேன். தேதி, கிழமை, மணி, சகாயத்தின் சேலை, நான் சொன்ன வார்த்தை, ஒன்றும் குறைக்காமல்.

செலின் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவு தெறந்துதான் இருந்துச்சு அத்தை" என்றாள்.

நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"ஒரு வருசம், கத்திரிய எடுத்துப் பூவுல வைக்கிறப்பெல்லாம் அதுதான் கேட்டுச்சு. கத்திரியக் கீழ வச்சிருவேன். அவரு கேட்டா குளிருன்னு சொல்லிருவேன்."

"என்னையக் கேட்டிருக்கலாமே தாயி. சண்டையாச்சும் போட்டிருக்கலாமே."

"நீங்க எதையும் மறக்க மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இதையும் மறந்திருக்க மாட்டீங்கள்ல. எப்பவாச்சும் வருவீங்கன்னு விட்டுட்டேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை என் வாயில் பழகினதில்லை. தப்புத்தான், நான் சொன்னது பெரிய தப்பு, என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். "தலகாணிய இந்தப் பக்கம் இழுத்து விடுங்க" என்றாள். இழுத்துவிட்டேன். தலைக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கி, மெதுவாக வைத்தேன்.

"வளைவுல இடது பக்கம் மூணு பூவச் சுவத்துப் பக்கம் திருப்பிட்டீங்கள்ல?"

"யாரும் பாக்கல."

"போட்டோவுல பின்னந்தலை தெரியுது."

சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் சிரிக்காதே என்று சொல்லவில்லை. குழந்தை உதைக்கிறது என்று என் கையை எடுத்து வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அமுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் தெரிந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அத்தை. அம்மாவால கீழ உக்கார முடியாது, முட்டி மடங்காது. ரெஜினாவுக்குப் பயம். பிள்ளையக் குளிப்பாட்டி வெந்நி ஊத்த நீங்கதான் வரணும். முப்பது நாளும்."

தலையை ஆட்டினேன். பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டின பிறகு, சரி என்றேன். லாரன்ஸ், "என்னம்மா?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த திருநாள். நற்கருணை வாங்கினேன். மதியம் மதினி வந்தார். மதுரைப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. பந்தியில் அண்ணனுக்கு அவியல் இல்லாமல் போனதை மட்டும் சொன்னேன். மதினிக்கு ஞாபகமே இல்லை. "அப்படியா நடந்துச்சு?" என்று வருத்தப்பட்டார். வருத்தப்பட்டது உண்மைதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதை நான் இன்னும் விடவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இருபத்தேழு வாரம்.

பிள்ளையைக் குளிப்பாட்டச் சுவரில் சாயாமல் உட்கார வேண்டும். இரண்டு காலையும் நேராக நீட்டி, சேர்த்து வைத்து, பிள்ளையை அதன்மேல் கிடத்த வேண்டும். லாரன்ஸுக்கு ஊற்றிய கால்தான். அது முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து விடிந்ததும் அடுப்படியில் பலகையைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் நாள் மூன்று நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. லாரன்ஸ் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, விழுந்துட்டியா?" என்றான். நேற்று ஐந்து நிமிடம். இன்று துண்டைச் சுருட்டிக் காலில் வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் இருந்தேன்.

எண்ணெய் தேய்த்து, உடம்புக்கு ஊற்றி, தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டப் பதினைந்து நிமிடமாவது ஆகும். அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு அவசரமும் இல்லை.